வளைவில் மினுக்கும் ஆயில் விளக்கு

கேள்வி: என் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியை கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) ஓட்டுகிறேன். பிடிமானம் அதிகமுள்ள டயர் போட்டதிலிருந்து, நீளமான வளைவில் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு (ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிவது) மினுக்குகிறது. நேர் ரோட்டுக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறைகூட எரிந்ததில்லை. அந்த விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சை மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: சுவிட்சைத் தொடாதீர்கள். அது கோளாறென்றால் கப்பலூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போதும் எரிந்து தொலைத்திருக்கும்.

சிறுமலையில் இரண்டாவது கியரில் மெதுவாக உருட்டித் திரும்புகிறீர்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குள் ஆயில் அதிகம் நகராது. டிராக்கில் புது டயர் பிடித்து இழுக்க, பக்கவாட்டு விசை வண்டியின் எடை அளவுக்கு வந்துவிட்டால் ஆயில் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். வளைவு முடியும்வரை இறங்காது. அதே நேரம் எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுக்கு மேல் சுற்றுவதால் கொஞ்சம் ஆயில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலேயே தங்கிவிடும். மொத்தமே 3 லிட்டர் சொச்சம்தானே இருக்கிறது? சேம்பரிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வாய்க்கு ஆயில் எட்டவில்லையென்றால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

விளக்கை நம்பி ஓட்டாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் அரை பார் அளவுக்கு இறங்கினால்தான் அது எரியும். அந்த வேகத்தில் இருக்க வேண்டியதோ மூன்று, நான்கு பார். முதலில் அடிபடுவது பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். அதனால் இப்போதே ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கி வெயிலில் பாருங்கள். ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கும் பேப்பர் மடிப்புகளையும் பிரித்துப் பாருங்கள். மினுமினுவென்று தூள் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். காந்தம் வைத்து எதுவும் ஒட்டவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பேரிங்கின் மேற்பூச்சு காந்தத்தில் ஒட்டாது.

தூள் இல்லையா, சரி. ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்புங்கள். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். அரை லிட்டர் கூடுதலாக ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. சுற்றும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்தால் நுரைதான் வரும், நுரையும் பாதி காற்றுதான்.

உண்மையான வேலை சேம்பரில் இருக்கிறது. கழற்றியதும் அதில் ஒன்றரை லிட்டர் பழைய ஆயில் ஊற்றி, 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். ஸ்ட்ரெய்னர் உட்காரும் இடம் வறண்டு கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் சாய்த்துப் பாருங்கள். ஸ்ட்ரெய்னர் நடுவில் இல்லையென்றால் ஒரு பக்க வளைவில்தான் தொல்லை அதிகம் (எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை!). அந்த இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகடு வைத்து, உள்பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவுகளைக் கீலில் மாட்ட வேண்டும். ஆயில் உள்ளே வரும், சாயும்போது வெளியே ஓடாது. மேலே ஒரு தட்டு மூடினால் சுவரேறித் தப்பவும் முடியாது. நல்ல லேத் பட்டறையில் செய்துவிடுவார்கள். சேம்பர் அலுமினியம் என்றால் ஆர்கான் வெல்டிங் கேளுங்கள். வெல்டிங் பொரி ஒன்றுகூட உள்ளே மிஞ்சக் கூடாது. ஸ்ட்ரெய்னருக்கும் சேம்பரின் அடித்தரைக்கும் உள்ள இடைவெளி மாறிவிடக் கூடாது. ஸ்பீடு பிரேக்கரில் இடித்து ஒடுங்கிய சேம்பராக இருந்தால் இதை முதலிலேயே பாருங்கள்.

கூடவே ஒரு பிரஷர் மீட்டர் மாட்டி, அதை நோக்கி ஒரு கேமரா வையுங்கள். வளைவில் முள்ளைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது. அதன் பிறகும் முள் விழுந்தால் அக்யுமுலேட்டர் பற்றி யோசிக்கலாம். அழுத்தம் குறைந்ததும், சேர்த்துவைத்த ஆயிலைத் தள்ளிவிடும் உருளை அது. டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு) எல்லாம் ரேஸ் வண்டிக்கு. உங்கள் ஸ்விஃப்ட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: கெட்டியான 20டபிள்யூ50 ஆயில் ஊற்றினால் இந்தப் பிரச்சினை தீருமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: தீராது. ஆயில் சூடேறி இளகி அழுத்தம் குறைந்தால் கெட்டி ஆயிலும் ஆயில் கூலரும் உதவும். ஸ்ட்ரெய்னருக்கு ஆயிலே எட்டாதபோது அது கெட்டியாக இருந்து என்ன பயன்? ஹெட்டிலிருந்து இறங்கவும் இன்னும் தாமதமாகும். கம்பெனி புத்தகத்தில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள்.