வண்டி பழசு, பார்த்த வேலை புதுசுதானே?

கேள்வி: மதுரையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் டீலரிடம் 2016 மாடல் டீசல் கார் ஒன்றை 4.10 லட்சத்துக்கு வாங்கினேன். மூன்றாவது வாரமே இன்ஜின் சூடேறி நடுவழியில் நின்றுவிட்டது. "எங்க ஷெட்டுலயே பார்த்துத் தர்றோம்" என்று எடுத்துப்போய், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றியதாக 38,000 ரூபாய் வாங்கினார்கள். பில் தரவில்லை, ஜிபேயில்தான் அனுப்பினேன். பத்தே நாளில் அதே கோளாறு. இப்போது வண்டி அவர்கள் ஷெட்டில் நிற்கிறது. இன்னும் 22,000 கொடுத்தால்தான் விடுவார்களாம். "பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது, ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார் டீலர். நான் இருப்பது திண்டுக்கல். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டி. போலீஸுக்குப் போகலாமா?

பதில்: டீலர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். அவர் இரண்டு விஷயங்களைச் சாமர்த்தியமாக ஒன்றாகக் கட்டிவிடுகிறார். விற்றது பழைய வண்டி, சரி. ஆனால் 38,000 வாங்கிக்கொண்டு பார்த்த வேலை பழசு இல்லையே? அது தனிப் பரிவர்த்தனை. காசு வாங்கிச் செய்த சேவையில் குறை இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது 'சேவைக் குறைபாடு', வண்டிக்கு எத்தனை வயது என்பது அங்கே எடுபடாது. சேவைக்கு பில் தராததையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதனால் பில் இல்லையே என்று நீங்கள் பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டியது அவர்தான். ஜிபே கணக்கும் வாட்ஸ்அப் உரையாடலும் பணம் போனதைக் காட்டும்.

விற்பனையை வைத்தும் சண்டை போடலாம். ஆனால் இன்ஜின் கோளாறு அவருக்கு முன்பே தெரியும், தெரிந்தே மறைத்தார் என்று காட்ட வேண்டும். "இன்ஜின் சூப்பர் கண்டிஷன்" என்று விளம்பரமோ மெசேஜோ இருந்தால் அதையும் சேருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான், ரிப்பேர் பக்கம்தான் உங்கள் பலம்.

இனி முக்கியமானது. கோபத்தில் வண்டியை வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து உடனே சரிசெய்துவிடாதீர்கள். இன்ஜினைப் பிரித்து மாட்டிய பிறகு முதலில் என்ன தப்பு நடந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. சூடேறிய இன்ஜினில் ஹெட், அதாவது அந்த மேல்மூடி, வளைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் லேத்தில் ஃபேஸிங் செய்து (பரப்பைச் சமப்படுத்தி) முடித்த பிறகுதான் புது கேஸ்கெட் போட வேண்டும். வெறுமனே கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் மறுபடி கசியும். உங்கள் வண்டியில் அதுதான் நடந்ததா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ லைசென்ஸ் உள்ள மோட்டார் சர்வேயரிடமோ காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிரிக்கும்போது போட்டோ, வீடியோ எடுங்கள், கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆனால் வண்டிதான் அவர் கையில் இருக்கிறதே! இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவு, வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கலாம் என்கிறது. ஆனால் ஒப்புக்கொண்டபடி வேலையைச் செய்து முடித்தவருக்குத்தான் அந்த உரிமை, அரைகுறையாகச் செய்தவருக்கு இல்லை. இரண்டு வழி இருக்கிறது. வண்டி அவசரம் என்றால் "ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விடவில்லை" என்று மெசேஜ் போட்டுவிட்டு 22,000-ஐ வங்கி வழியாகக் கட்டி எடுத்து வந்து, பிறகு அதையும் சேர்த்துக் கேளுங்கள். பொறுக்க முடியும் என்றால் வழக்கோடு சேர்த்து, தீர்ப்புக்கு முன்பே வண்டியை விடச் சொல்லும் இடைக்கால உத்தரவு கேளுங்கள். பூட்டை உடைத்து எடுத்து வரலாம் என்று ஐடியா கொடுக்கும் மச்சான்கள் எல்லா வீட்டிலும் உண்டு, கேட்காதீர்கள்.

அடுத்து நோட்டீஸ். கட்டாயம் இல்லை, ஆனாலும் ஸ்பீடு போஸ்டில் 15 நாள் கெடு கொடுத்து ஒன்று அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை மொத்தம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம் (என் பிழைப்புக்கு நானே வேட்டு வைக்கிறேன்). வழக்குப் போடக் கெடு இரண்டு வருஷம். ரிப்பேர் பணத்தைத் திரும்பத் தரவும், சரிசெய்ய ஆகும் செலவுக்கும், மன உளைச்சலுக்கும், வழக்குச் செலவுக்கும் கேளுங்கள். ஆய்வு தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஒரு வருஷத்தைத் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை, ஆனால் அவர்களால் சமரசம் பேசத்தான் முடியும், உத்தரவு போட முடியாது.

போலீஸ்? சரியாகச் செய்யாத வேலைக்கு "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள், அது தப்பும் இல்லை. ஆனால் கேஸ்கெட்டை மாற்றவே இல்லை, மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள் என்றோ, கிலோமீட்டரைக் குறைத்து விற்றார்கள் என்றோ அந்த அறிக்கையில் வந்தால் கதை வேறு. அது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வரும் ஏமாற்று.

கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதவில்லை: ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? இல்லையென்றால் நோட்டீஸ் போவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள், சண்டை முற்றிய பிறகு டீலரிடம் ஒரு கையெழுத்து வாங்குவது லேசு இல்லை.