யானை என்ற சொல்லை முணுமுணுத்தவர்

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது, சாவி எங்களிடம் இருக்கிறது. ஓடு மாற்றுவது, ஒழுக்கு அடைப்பது எல்லாம் இதுவரை எங்கள் செலவுதான். இரண்டாங்கட்டின் பர்மாத் தேக்குத் தூண்களைப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். "மரத்தில் கரையான் பிடித்துவிட்டது, கழற்றிவிட்டோம்" என்று பினாங்கில் இருக்கும் பங்காளி வீட்டு ஆச்சியிடம் என்னைப் பேசச் சொல்கிறார் என் கணவர். கொல்லைக் கதவில் கரையான் இருப்பது மெய்தான். நான் தயங்கினால், "கண்ணனே துரோணரைப் பொய்யால்தான் சாய்த்தான், பொய்யும் மெய்யாகும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார்" என்கிறார். நான் என்ன செய்ய?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவர் காட்டிய உதாரணம் அவர் நினைப்பதைவிடப் பொருத்தமானது. பாரதப் போரின் 15-ஆம் நாள், கையில் வில் இருக்கும்வரை துரோணரை வெல்ல முடியாது என்று ஆனபோது, பீமன் அசுவத்தாமன் என்ற பெயருடைய யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் இறந்தான் என்று கூவினான். மகன் பெயரைக் கேட்ட துரோணர் கலங்கினாரே தவிர நம்பிவிடவில்லை. மூவுலகையும் ஆளக் கிடைத்தாலும் பொய் பேசமாட்டான் என்று தாம் எண்ணியிருந்த தருமனிடம் கேட்டார். தருமனோ, இறந்ததை உரக்கச் சொல்லி, யானை என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தான். (அந்த நேரம் பார்த்துக் கண்ணன் சங்கை ஊதியதாகக் கதை சொல்பவர்கள் சொல்வதுண்டு. வியாசர் அந்தச் சலுகையைத் தரவில்லை. குரலைத் தாழ்த்தியது தருமனேதான்.)

உங்கள் வீட்டில் அந்த யானை, கொல்லைக் கதவு. அதைவிட முக்கியமாக, உங்கள் கணவர் தாமே பேசாமல் உங்களை ஏன் பேசச் சொல்கிறார் என்று யோசித்தீர்களா? பீமன் சொல் எடுபடாததால்தான் தருமன் தேவைப்பட்டான். நீங்கள் சொன்னால் ஆச்சி மறுகேள்வி கேட்கமாட்டார்; இத்தனை வருஷமாகச் சேர்ந்த அந்த நம்பிக்கையைத்தான் தமக்காகச் செலவழிக்கச் சொல்கிறார் உங்கள் கணவர்.

பற்றும் வரவும் இரண்டும் ஏறாமல் ஐந்தொகை (மொத்தக் கணக்கை நேர்செய்து காட்டும் ஏடு) நிற்காது என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வியாசரும் அந்தப் பொய்யின் பற்றுக் கணக்கை விடாமல் எழுதியிருக்கிறார். தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தருமனின் தேர் அன்றே மண்ணில் இறங்கியது. குருவிடம் பொய் சொன்னதற்காக அர்ஜுனன் அண்ணனை நேருக்கு நேர் கண்டித்தான். தகப்பனை அப்படிப் பறிகொடுத்த அசுவத்தாமன், துரியோதனனும் வீழ்ந்த பிறகு, உறங்கிக்கொண்டிருந்த பாசறைக்குள் இரவில் புகுந்து திரௌபதியின் 5 பிள்ளைகளையும் கொன்றான். கடைசியில் சொர்க்கத்துக்குப் போன தருமனுக்கு முதலில் நரகம் காட்டப்பட்டபோது, மகன் விஷயத்தில் துரோணரை நீ வஞ்சித்தாய், அதனால் உனக்கும் வஞ்சனையாலேயே நரகம் காட்டப்பட்டது என்று காரணம் சொல்கிறான் இந்திரன். ஜெயித்த பக்கத்துப் பொய் என்று தள்ளுபடி எதுவும் கிடைக்கவில்லை.

பொய்யே கூடாது என்றும் பாரதம் சொல்வதில்லை. ஒளிந்திருந்தவர்களைக் கொள்ளையருக்கு உண்மையாகக் காட்டிக்கொடுத்த கௌசிகன் என்ற முனிவன் நரகம் போன கதையைக் கண்ணனே அர்ஜுனனுக்குச் சொல்கிறான். வள்ளுவரும் 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்ற நிபந்தனையோடுதான் பொய்மையை வாய்மையின் இடத்தில் வைக்கிறார். உங்கள் கணவர் அந்த வரியை விட்டுவிட்டார். தூண் விற்ற பணத்தில் ஆச்சிக்கு என்ன நன்மை என்று அவரால் சொல்ல முடியுமா? அதோடு, கண்ணன் எடுத்த எடுப்பில் சூழ்ச்சியில் இறங்கவில்லை. அதுவும் பங்காளிச் சண்டைதான். ஐந்து ஊராவது கொடுங்கள் என்று கேட்டு, சபையில் எல்லார் முன்னிலையிலும் தூது பேசிவிட்டுத்தான் போருக்கு வந்தான். உங்கள் வீட்டில் இன்னும் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவே இல்லை.

உங்கள் கணவரின் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நான்கு பங்கு வீட்டுக்கு ஒரு பங்குக்காரர் மட்டும் ஓடு மாற்றிக்கொண்டிருந்தால் யாருக்கும் கசக்கும். அந்தச் செலவைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வியாபாரி சொன்ன விலையையும் எழுதி, தூண்களையும் கொல்லைக் கதவையும் தனித்தனியாகப் படமெடுத்து, நான்கு பங்காளிகளுக்கும் ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிறகு ஆச்சியிடம் நீங்களே பேசுங்கள். கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுங்கள். பழுதுபார்த்த செலவைக் கழித்துக்கொண்டு மீதியைப் பங்கு பிரிக்கலாமா, அல்லது தூண் நிற்கட்டும், செலவை நான்காகப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். எது முடிவானாலும் நால்வரிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் அதற்குள் அச்சாரம் வாங்கியிருந்தால், போன் செய்வதற்கு முன்பே அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.