லாரி ஆப்பே எல்லாம் சொல்லும்போது ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எதற்கு? நாமக்கல் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் பயம் நியாயமானதுதான். சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறீர்கள். வண்டி எங்கே போகிறது என்று பார்க்க வாங்கிய ஜிபிஎஸ் ஆப்பில் இப்போது புது வசதிகள் வந்திருக்கின்றன. கேள்வியைத் தட்டச்சு செய்தால் வரைபடத்தோடு பதில் வருகிறது. 'போன மாதம் நவி மும்பை வாஷி மார்க்கெட்டில் வண்டி மொத்தம் எத்தனை மணி நேரம் நின்றது?' என்று நீங்கள் கேட்டதற்கு உடனே ஒரு எண் வந்துவிட்டது. மகள் மூன்றாம் ஆண்டு ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது இடம் சார்ந்த தரவையும் வரைபடங்களையும் கணினியில் கையாளும் படிப்பு, படிக்கிறார். 'இதைச் செய்யத்தானே நாலு வருஷம் படிக்க வைக்கிறேன்? ஆப்பே செய்துவிட்டால் யார் வேலை கொடுப்பார்கள்?' என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் ஐடி கோச்சிங்கில் சேர்த்துவிடு என்று வீட்டில் எல்லோரும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

துறையை மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் மீதியிருக்கும் செமஸ்டர்களில் அவர் எதற்கு நேரம் ஒதுக்குகிறார் என்பதை மாற்றியே ஆக வேண்டும். ஏன் என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு லாரி தெரியாது. ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்பது தெரியும்.

வண்டியில் இருக்கும் கருவி 'வண்டி நிற்கிறது' என்று எதையும் அனுப்புவதில்லை. ஒரு நேரம், அந்த நேரத்தில் ஓர் இடம், கூடவே வேகம், இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்ற தகவல், அவ்வளவுதான். இப்படி வரிசையாக வரும் புள்ளிகளைப் பார்த்து 'இது ஒரு நிறுத்தம்' என்று முடிவு செய்வது மென்பொருள். அதற்கு இரண்டு அளவுகள் வேண்டும்: எத்தனை மீட்டர் வட்டத்துக்குள் இருந்தால், எத்தனை நிமிடம் இருந்தால் நின்றதாகக் கொள்வது? 100 மீட்டர், 10 நிமிடம் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே வைத்திருப்பார்.

இப்போது வாஷியில் லோடு இறக்கக் காத்திருக்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்தால் இதுவும் முப்பது மீட்டர் நகரும். அப்புறம் இருபது நிமிடம் நிற்கும். மறுபடி நகரும். மென்பொருளின் கணக்கில் இது ஒரே நீண்ட காத்திருப்பாக வராமல், பல துண்டு நிறுத்தங்களாகவும் நடுநடுவே 'ஓட்ட'மாகவும் பிரிந்துவிடலாம். அளவை இன்னும் இறுக்கி வைத்திருந்தால் காத்திருப்பில் பாதி காணாமலே போய்விடும். வட்டத்தைப் பெரிதாக்கினால் பக்கத்து டீக்கடை, டீசல் பங்க்கில் நின்ற நேரமும் சேர்ந்துகொள்ளும். ஹால்டிங் பணம் (காத்திருந்த நேரத்துக்கான கட்டணம்) கேட்கும்போது சரக்குப் பார்ட்டியிடம் நீங்கள் காட்டப்போவது இந்த எண்ணைத்தான். அவர் ஒத்துக்கொள்ளாமல் விவாதித்தால் ஆப் உங்களுக்குப் பதில் சொல்லாது. அளவுகளை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், மாற்றினால் எண் எவ்வளவு மாறுகிறது என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் இந்தத் தரவு ஏமாற்றும். மலைப்பாதையில் சிக்னல் இல்லாதபோது கருவி புள்ளிகளைச் சேர்த்து வைத்து, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். சர்வருக்கு வந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் வண்டி முன்னும் பின்னுமாகக் குதித்ததுபோல் தெரியும். பதிவான நேரத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும். அடுத்தது, கருவிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இதைச் சரிசெய்ய மறந்தால், இரவு 10 மணிக்கு நாமக்கல்லில் கிளம்பிய வண்டி மாலை 4.30-க்கே கிளம்பியதாகக் கணக்கில் ஏறும். இரவு ஓட்டம், பகல் ஓட்டம் எல்லாம் தலைகீழாகிவிடும். இந்தத் தவறு இருக்கும் வரைபடமும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து.

உங்கள் மகளின் வேலை இங்கேதான் இருக்கிறது. புது வசதிகள் வர வர, கேள்வி கேட்பவர்கள் பெருகுவார்கள். பதில் சரிதானா என்று பார்க்கத் தெரிந்தவர்களின் தேவையும் அதோடு கூடும் என்று நான் நம்புகிறேன்.

சிறு தொழிலில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2022 அக்டோபர் வரை, மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்று கூகுள் அறிக்கைகள் வெளியிட்டது. எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது? 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களோடு. அந்த ஐந்து வாரங்களுக்குள் நம் பொங்கல் வருகிறது. பொங்கல் வாரத்தில் அலுவலகம் எப்படி இருக்கும், பேருந்து நிலையம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சராசரி எடுத்திருந்தால் தமிழ்நாட்டுக்கான ஒப்பீடு கோணலாகியிருக்கும். அவர்கள் ஒவ்வொரு கிழமைக்கும் இடைநிலை அளவை எடுத்தார்கள். ஐந்து புதன்கிழமைகளில் ஒன்று பொங்கலாக இருந்தாலும், மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும்போது அது பெரிதாகப் பாதிக்காது. இன்னொரு விஷயம், அந்தத் தரவு தங்கள் போனில் இருப்பிட வரலாற்றை இயக்கி வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத கூலித் தொழிலாளி அந்த வரைபடத்தில் இல்லை. இந்த இரண்டையும் உங்கள் மகளிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். 'இடைநிலை அளவை ஏன் எடுத்தார்கள், யார் விடுபட்டார்கள்' என்று விளக்கத் தெரிந்தால் படிப்பு நல்லபடியாகப் போகிறது என்று நிம்மதியாக இருக்கலாம்.

புது வசதிகளில் மற்றவற்றை அவரே கற்றுக்கொள்வார். நிலத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து எண்ணும் முறை இப்போது பல தளங்களில் வந்துவிட்டது. ஊபர் உருவாக்கி 2018-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஹெச்3 அவற்றில் பிரபலமானது. தரவை இறக்கிக்கொள்ளாமல் அது இருக்கும் கிளவுட் கிடங்கிலேயே கணக்குப் போடுவதும் வந்துவிட்டது. அதற்கு எஸ்கியூஎல் என்ற, தரவைக் கேட்டு எடுக்கும் கணினி மொழி தெரிய வேண்டும். ஐடி பக்கம் போகச் சொல்கிறார்களே, அதில் உண்மையாகவே தேவைப்படும் பகுதி இதுதான். எஸ்கியூஎல்லும் பைதான் என்ற நிரல் மொழியும் இல்லாமல் இந்தத் துறையில் இனி நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். அதற்காகத் துறையையே விட வேண்டியதில்லை.

தனியுரிமை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் தரவை எடுத்துக்கொண்டது. பெயர், எண் எதுவும் இல்லை. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் கிடைத்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடிந்தது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்வழிகள் ஒளிர்ந்ததை 2018 ஜனவரியில் உலகத்துக்குச் சொன்னவர் ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். உங்கள் வண்டியிலும் இதே கதைதான். டிரைவர் எந்தத் தெருவில் வீடு வைத்திருக்கிறார், எந்த மருத்துவமனைக்குப் போனார் என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. எதைச் சேகரிக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், எந்த அளவுக்குத் தொகுத்தால் ஆள் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர் எந்த நிறுவனத்துக்கும் வேண்டியவர். கல்லூரிகளில் இதற்குக் கொடுக்கும் நேரம் போதாது என்பது என் அபிப்பிராயம். அவரே தேடிப் படிக்கட்டும்.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்க விரும்பவில்லை. ஜிஐஎஸ் (கணினி வழி வரைபடத் தகவல் அமைப்பு) என்ற பெயரில் நம் ஊரில் கிடைத்துவந்த வேலைகளில் பல, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடத்தையும் சாலையையும் சுற்றிக் கோடு போடும் வேலை. சம்பளம் குறைவு, சில இடங்களில் இரவு ஷிஃப்ட். அந்த வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் 'ஜிஐஎஸ் கம்பெனி' என்று வந்தாலும், சேர்ந்த பிறகு என்ன வேலை என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அதேபோல் ஒரே ஒரு தளத்தின் சான்றிதழுக்காகப் பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையத்தில் பணம் கட்டாதீர்கள். அடுத்த ஆண்டு அந்தத் தளத்தின் திரையே மாறியிருக்கும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். நகரும் புள்ளிகளைக் காலவரிசையில் ஓட்டிப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது. பைதானில் மூவிங்பாண்டாஸ் என்ற இலவச நூலகம் இருக்கிறது. நிறுத்தம் கண்டுபிடிக்கும் அளவுகளை அதில் கையால் மாற்றிப் பார்க்கலாம். டேராடூனில் உள்ள இந்திய தொலையுணர்வு நிறுவனம், இஸ்ரோவின் கீழ் இயங்குவது, இணையவழியில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது.

நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு, வேறு மாணவர்களுக்கு எளிதில் கிடைக்காதது. டிரைவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, ஒரு வண்டியின் மூன்று மாதத் தரவை மகளிடம் கொடுங்கள். பெரும்பாலான ஆப்களில் எக்செல்லாக இறக்கிக்கொள்ள வழி இருக்கும். காத்திருந்த நேரத்தை அவரே கணக்கிடட்டும். ஆப் சொன்ன எண்ணோடும் டிரைவரின் நோட்டோடும் ஃபாஸ்டேக்கில் பதிவான டோல்கேட் நேரங்களோடும் ஒப்பிடட்டும். நான்கும் எங்கே வேறுபடுகின்றன, ஏன் என்று நான்கு பக்கம் எழுதட்டும். பல சான்றிதழ்களை விட அந்த நான்கு பக்கத்தை நேர்முகத் தேர்வில் ஆர்வமாகப் படிப்பார்கள்.

மேற்படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் என்று, நில அளவையும் வரைபடத் தரவும் சார்ந்த தனித் தாளே இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். இந்த முறை பழக்கத்துக்காக ஒரு தடவை எழுதட்டும். அடுத்த ஆண்டு, வேலைக்குப் போவதா எம்.டெக். சேர்வதா என்று அவர் முடிவு செய்யும்போது, முதல் முயற்சியின் மதிப்பெண்ணோடும் அந்த நான்கு பக்கத்தோடும் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.