ஜியு-ஜிட்சுவில் ஓப்பன் கார்டு: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

கேள்வி: பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. க்ளோஸ்டு கார்டு ஓரளவு வருகிறது. ஓப்பன் கார்டுக்குப் போகலாமா? அதன் பலம், பலவீனம் என்ன?

போகலாம். கார்டு என்பது தரையில் மல்லாந்தோ உட்கார்ந்தோ கால்களால் எதிராளியைத் தடுத்து ஆடும் நிலை; கால்களை அவரைச் சுற்றிப் பூட்டினால் க்ளோஸ்டு, பூட்டாமல் ஆடினால் ஓப்பன். ஆனால் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கணுக்கால்களை விடுவித்த உடனே அது ஓப்பன் கார்டு ஆகிவிடாது. இரண்டு கைகளும் இரண்டு பாதங்களும் அவரைப் பிடித்துக்கொண்டோ, தள்ளிக்கொண்டோ, கொக்கி போட்டுக்கொண்டோ இருக்க வேண்டும். அந்த நான்கில் இரண்டு போனால் கார்டும் போச்சு. பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

டே லா ரிவா கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல்சன் கிரேசியின் மாணவரான ரிக்கார்டோ டே லா ரிவாவின் பெயரில் வழங்குவது. எதிராளி இடது காலை முன்வைத்து நிற்கிறார். உங்கள் வலது காலை அந்தக் காலுக்கு வெளியிலிருந்து சுற்றி, பாதத்தை அவர் தொடையின் உள்பக்கம் கொக்கி போடுகிறீர்கள். வலது கை அவர் குதிகாலைப் பிடிக்கிறது. இடது கையில் அவர் வலது கைச் சட்டை, இடது பாதம் அவர் இடுப்பில். இப்போது அவர் பின்னால் சாய்ந்தால், குதிகால் உங்கள் பிடியில் இருப்பதால் பொத்தென்று உட்கார வேண்டியதுதான். முன்னால் சாய்ந்தால் அவர் எடை உங்கள் காலுக்கு மேல் வந்துவிடும். திரும்பப் பார்த்தால் முதுகுப் பக்கம் வழி கிடைக்கும். எழுந்து நிற்கிற ஆளிடம் க்ளோஸ்டு கார்டு இந்த அளவுக்கு வேலை செய்யாது.

சரி, அந்தக் குதிகால் பிடி விட்டுப்போனால்? எங்கள் ஓசூர் பக்கம் வகுப்புக்கு வருகிறவர்களில் கபடி ஆடிப் பழகிய பையன்கள் உண்டு. ஜியு-ஜிட்சு ஒன்றும் தெரியாது, ஆனால் கணுக்காலில் கை பட்டதும் காலை வெடுக்கென்று பின்னால் இழுத்துவிடுவார்கள். ரெய்டு போய்ப் போய் உடம்பில் ஊறிய பழக்கம் அது. அடுத்த நொடி உங்கள் முட்டிகள் இரண்டையும் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மறுபக்கம் ஓடி வந்து நெஞ்சில் படுத்துவிடுவார்கள். இதற்கு டொரியாண்டோ பாஸ் (கார்டைக் கடக்கும் ஒரு முறை) என்று பெயர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது! க்ளோஸ்டு கார்டில் இருந்தால் அவர்கள் முதலில் உங்கள் பூட்டைத் திறக்க வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஓப்பன் கார்டில் அந்த நேரம் இல்லை.

போட்டிக்குப் போவதாக இருந்தால் புள்ளிக் கணக்கும் முக்கியம். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி கீழிருந்து ஸ்வீப் செய்தால், அதாவது அவரைக் கவிழ்த்து மேலே வந்தால், உங்களுக்கு 2 புள்ளி. அவர் கார்டைக் கடந்து 3 நொடி அடக்கிவைத்தால் அவருக்கு 3. அங்கிருந்து மவுண்டுக்கு (உங்கள் உடம்பின் மேல் இருபக்கமும் கால் போட்டு உட்காரும் நிலை) ஏறினால் இன்னும் 4. திறந்து ஆடுவதற்கான விலை இதுதான். இது போக, நீட்டிய கால் லெக் லாக்குக்கும் (காலைப் பூட்டிச் சரணடைய வைக்கும் பிடி) வாய்ப்பு. வெள்ளை பெல்ட்டில் நேரான கணுக்கால் பூட்டோடு (ஆங்க்கிள் லாக்) நிற்கும் என்பது ஆறுதல்.

எந்த வகையை எடுப்பது என்றால், முதலிலேயே ஸ்பைடர் கார்டு வேண்டாம் என்பேன். கைச் சட்டையைச் சுருட்டிப் பிடித்து எதிராளியின் பைசெப்ஸில் பாதம் வைத்து ஆடுவது. பார்க்க அழகு, ஆனால் விரல் மூட்டுகள் வீங்கிவிடும். மறுநாள் சிப்காட்டில் முதல் ஷிஃப்டில் ஸ்பேனர் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய தொல்லை. கி (ஜியு-ஜிட்சு உடை) இல்லாமல் ஆடினால் பிடிக்கச் சட்டையே கிடையாது, வியர்வையில் மணிக்கட்டும் வழுக்கும். அங்கே பட்டர்ஃப்ளை கார்டு நல்லது: உட்கார்ந்தபடி, இரண்டு பாதமும் அவர் தொடைகளுக்கு உள்ளே, ஒரு கை அவர் அக்குளுக்குக் கீழே. கி இல்லாமல் ஆடும் பெரிய சர்வதேசப் போட்டியான ஏடிசிசியில் 77 கிலோ பிரிவில் 4 முறை பட்டம் வென்ற மார்செலோ கார்சியாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவற்றில் இதுவும் ஒன்று. நீளமான கால் இல்லாதவர்களுக்கும் ஒத்துவரும்.

தற்காப்புக்கு என்று கேட்டால் என் பதில் வேறு. எதிராளி குத்த ஆரம்பித்தால் தூரத்தில் வைத்துத் தள்ளிவிட்டு எழுந்திருக்க மட்டுமே ஓப்பன் கார்டு. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு தரையில் மல்லாந்து படுத்து டே லா ரிவா கொக்கி போடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கூட இன்னொருவன் இருந்தால் தலை அவன் காலடியில் இருக்கும்.

ஸ்வீப்புக்கு முன்னால் கார்டைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்பை நகர்த்தி ஷ்ரிம்ப் செய்வது, முட்டியை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது, அவர் தோளுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் இடையில் முழங்கையோ முட்டியோ எப்போதும் இருப்பது. கூட்டாளியிடம் சொல்லி, அவர் பாஸ் மட்டும் செய்யட்டும், நீங்கள் தடுக்க மட்டும் செய்யுங்கள், ஸ்வீப் கிடையாது. கடந்துவிட்டால் அப்படியே விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. அந்தக் கபடிப் பையன் கிடைத்தால் அவனையே கூப்பிடுங்கள்.