மடிக்கணினியில் டிரைவர்களைப் புதுப்பித்தல்: கேள்வி பதில்

கேள்வி (தாம்பரம், கல்லூரி மாணவர்): ஐயா, போன ஆண்டு வாங்கிய என் மடிக்கணினியில் டிவைஸ் மேனேஜரைத் (கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) திறந்து பார்த்தால், பல டிரைவர்களின் தேதி 21 ஜூன் 2006 என்று இருக்கிறது. பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை, கவலைப்படாதீர்கள். டிரைவர் என்பது கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்குவதற்கு உதவும் சிறு மென்பொருள். விண்டோஸோடு சேர்த்து வழங்கும் தன்னுடைய டிரைவர்களுக்கு மைக்ரோசாப்ட் அந்த ஒரே தேதியை வேண்டுமென்றே இடுகிறது. ஒரு பாகத்துக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தும்போது விண்டோஸ் பிந்திய தேதி உள்ளதையே தேர்ந்தெடுக்கும். அந்தப் பாகத்துக்கென்றே தயாரிப்பாளர் எழுதிய டிரைவரை மைக்ரோசாப்டின் பொது டிரைவர் ஓரங்கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இன்டெல் சிப்செட் டிரைவர்கள் சிலவற்றில் 18 ஜூலை 1968 என்றுகூட இருக்கும். அது அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். ஆகவே தேதியை விட்டுவிட்டுப் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (அம்பத்தூர், கணக்காளர்): டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள் ஒன்று, என் கணினியில் ஏராளமான டிரைவர்கள் காலாவதியாகிவிட்டன என்று சொல்லிப் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: வேண்டாம், அதை நீக்கிவிடுங்கள். பல டிரைவர்கள் இயங்குதளத்தின் உட்பகுதியான கெர்னலிலேயே வேலை செய்கின்றன. அங்கே பொருந்தாத ஒன்று நுழைந்தால் கணினி நின்றுபோய் நீலத்திரைதான் மிஞ்சும். கணினி ஒழுங்காக ஓடும்போது டிரைவரைத் தொடாதிருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. வைஃபை அடிக்கடி அறுந்துபோவது, ஒலி வராதது போன்ற கோளாறு இருந்தாலோ, பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யும் பதிப்பு வந்தாலோ, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் புதிய பதிப்பைக் கேட்டாலோ மட்டும் புதுப்பியுங்கள். அப்போதும் முதலில் விண்டோஸ் அப்டேட்டின் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால், கணினியின் அடியில் உள்ள சீரியல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். இரண்டுமே இலவசம்.

கேள்வி (வேளச்சேரி, ஆசிரியை): கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்ததிலிருந்து திரை மினுக்குகிறது, சில நேரம் இருண்டும் போகிறது. பழையபடி ஆக்க முடியுமா?

பதில்: முடியும், அம்மா. திரை இருளும்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். இது தற்காலிக நிவாரணம். பிறகு டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழுள்ள பெயரை வலச்சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சென்று, ‘டிரைவர்’ பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்துங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் முந்தைய டிரைவர் சேமிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பழைய பதிப்பை இறக்கி நிறுவ வேண்டியிருக்கும்.

கேள்வி (சிந்தாதிரிப்பேட்டை, சிறுதொழில் செய்பவர்): ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, விண்டோஸ் 11 போட உட்கார்ந்தேன். இன்டெல் பதினோராம் தலைமுறை பிராசசர். எஸ்எஸ்டி (தகவலைச் சேமிக்கும் வட்டு) இருக்கிறது, ஆனால் நிறுவும்போது பட்டியலில் வரவேயில்லை. எஸ்எஸ்டி கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. பதினோராம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி, இன்டெலின் விஎம்டி என்னும் அமைப்பின் வழியாக இணைக்கப்படுகிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லாவிட்டால் வட்டு கண்ணுக்கே தெரியாது. வேறொரு கணினியில், உங்கள் மாடலுக்குரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, சுருக்கக் கோப்பை விரித்து, அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் போடுங்கள். நிறுவும் திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுத்து அதைக் காட்டினால் வட்டு தோன்றும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நிறுவி முடித்ததும் வைஃபை வேலை செய்யாமல் போகலாம். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள்; ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணையம் வந்துவிடும், மற்றவற்றை விண்டோஸ் அப்டேட் கொண்டுவரும். அதன் பிறகும் மஞ்சள் குறியோடு ‘அன்நோன் டிவைஸ்’ நின்றால், ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள்: ‘வென்’ (VEN) என்பதை அடுத்து 8086 இருந்தால் அந்தப் பாகம் இன்டெலுடையது, 1002 இருந்தால் ஏஎம்டியுடையது.

கேள்வி (மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): கணினித் தயாரிப்பாளரின் மென்பொருள் பயாஸையும் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கச் சொல்கிறது. செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் அதை டிரைவரைப் போல எண்ணாதீர்கள். பாதியில் மின்சாரம் நின்றால் கணினி எழாமலே போகக்கூடும். ஆகவே பேட்டரியை நன்றாக ஏற்றி, சார்ஜரையும் செருகி வைத்து, மழையும் காற்றும் இல்லாத நாளில் செய்யுங்கள். அதற்கு முன் பிட்லாக்கரை (வட்டில் உள்ளதைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி) தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி தொடங்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கலாம். அந்த எண் பொதுவாக உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும், முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.