பூனைக்கு வயிற்றுப்போக்கு நின்று நின்று திரும்ப வருகிறது. மாத்திரையைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

உங்கள் பூனைக்கு இரண்டு வயது, நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது, ஆனால் மூன்று மாதமாகக் கழிச்சல் விட்டு விட்டு வருகிறது, மாத்திரை கொடுத்தால் நிற்கிறது, நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கருப்பனுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் பூனை வளர்க்கும் ஆள், அவ்வளவுதான்.

முதலில் அந்த மாத்திரை. நீங்கள் பெயர் சொல்லவில்லை, ஆனால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் எதுவாக இருந்தாலும் அது கொஞ்ச நாளைக்கு மலத்தைக் கெட்டிப்படுத்திவிடும். அதனால்தான் குணமான மாதிரித் தெரிகிறது. குடலில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அழிப்பதால், அடிக்கடி கொடுத்தால் வயிறு இன்னும் கெடும். போதாக்குறைக்குக் கடும் கசப்பு வேறு. கருப்பன் வாயில் வைத்ததும் நுரை நுரையாகத் தள்ளி என் சட்டையெல்லாம் நனைத்துவிட்டான். விஷம் ஏதும் தின்றுவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பதறினார்கள். கசப்புக்குப் பூனை அப்படித்தான் நுரை தள்ளும், பயப்பட வேண்டாம். ஆனால் மூன்றாவது முறையும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தால், "மலத்தைப் பரிசோதித்துவிட்டுக் கொடுக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

டாக்டரிடம் போகும் முன் அருவருப்புப் பார்க்காமல் மணல் தட்டைக் கவனியுங்கள். ஒரு நாளில் பல தடவை போய்க் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கி, வெண்டைக்காய் வழுவழுப்பு மாதிரிச் சளியோடு போனால் கோளாறு பெருங்குடலில். சில சமயம் நுனியில் சிவப்பாக ரத்தமும் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று தடவைதான், ஆனால் நிறையப் போகிறது, எடையும் குறைகிறது என்றால் சிறுகுடலைப் பார்க்க வேண்டும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொண்டால் எடை கிடைத்துவிடும். வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள்.

மலப் பரிசோதனையை ஒரு தடவை செய்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ஜியார்டியா என்ற ஓரணுக் கிருமி தினமும் மலத்தில் வெளியே வராது. அதனால் வேறு வேறு நாட்களில் மூன்று முறை மலம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. அன்று காலையில் போனதை, மணல் ஒட்டாத பகுதியாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். வளர்ப்பவர்களிடம் வாங்கிய பெர்சியன் குட்டி என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு: டிரைட்ரைக்கோமோனாஸ். பல பூனைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் பரவும் கிருமி அது. மெட்ரோனிடசோலுக்குச் சரியாக அடங்காது. அதற்கு பிசிஆர் பரிசோதனையும் ரோனிடசோல் என்ற வேறு மருந்தும் வேண்டும். நரம்பைப் பாதிக்கக்கூடிய மருந்து, டாக்டர் எடை பார்த்து அளவு சொல்லாமல் தொடக்கூடாது.

கருப்பனுக்கு எங்கள் ஊர் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்று முறையும் பார்த்தோம். புழுவும் இல்லை, ஜியார்டியாவும் இல்லை. அப்போதுதான் அங்கே டாக்டரம்மா, "மருந்தை விடுங்க, என்ன சாப்பிடுதுன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க" என்றார். எழுதினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. டிரை ஃபுட், அவித்த கோழி, மத்தி மீன் தலை, தயிர்சாதம், பாக்கெட் ட்ரீட், பால். பால் மட்டும் எங்கள் வீட்டில் கொடுத்தது இல்லை. மதில் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். பால்குடி மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை சரியாகச் செரிக்காது. ஆச்சியிடம் சொன்னால், "வாயில்லா சீவன் பாத்துக்கிட்டே நிக்கி, எப்படிக் கொடுக்காம இருக்க?" என்கிறார். என்ன பதில் சொல்ல? அவருக்கு எதையாவது கொடுத்தே ஆகவேண்டும், அதனால் நாங்கள் அவித்துக் கொடுத்ததையே அவர் கையால் போடச் சொன்னோம்.

பாலை நிறுத்தியதும் பாதி குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. அடுத்தது உணவுச் சோதனை. பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதில் அதிகம் காணப்படுபவை மாட்டிறைச்சி, மீன், கோழி. அதனால் இதுவரை தின்றே இராத ஓர் இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், அல்லது ஹைட்ரோலைஸ்டு புரதம் என்று புரதத்தைச் சிறுசிறு துண்டாக உடைத்துச் செய்த மருத்துவ டிரை ஃபுட்டை எழுதித் தருவார்கள். கடையில் "மீன் சுவை" பாக்கெட் வாங்கிக் கோழியைத் தவிர்த்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள், பெரும்பாலும் கோழி இருக்கும். நாங்கள் ஆட்டுக்கறியை உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் இல்லாமல் அவித்துக் கொடுத்தோம். விலை என்னமோ நமக்கே கட்டுப்படியாகாத விலைதான். ஆனால் உணவுதான் காரணம் என்றால் வயிற்றுக் கோளாறு பொதுவாக இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும், தோல் அலர்ஜி மாதிரி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். கருப்பனுக்குத் தெளிந்தது. பழையபடி கோழியைக் கொடுத்துப் பார்த்தபோது மறுபடியும் சளி வந்தது, சந்தேகம் தீர்ந்தது.

வெறும் அவித்த கறியை மாதக்கணக்கில் கொடுக்க முடியாது. அதில் கால்சியம் போதாது, இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவையான டாரின் என்ற சத்தும் வேகவைத்த தண்ணீரோடு போய்விடும். அதனால் இப்போது மருத்துவ டிரை ஃபுட்டில்தான் இருக்கிறான். உணவை மாற்றும்போது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது உணவு, பூச்சி மாத்திரை, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா தரும் மருந்து), ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் எது கேட்டது என்று கடைசிவரை தெரியாது. உங்கள் கேள்வியில் இரண்டு வாரத்தில் மூன்று பிராண்ட் மாற்றிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுவே போதும், எந்தப் பூனைக்கும் வயிறு கலங்கும்.

கைவைத்தியத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், எனவே பூண்டு தட்டிப்போட்ட கஷாயம் கூடவே கூடாது. பேதி நிற்க மனிதர்கள் போடும் லோபரமைடும் வேண்டாம். பாரசிட்டமால் ஒரே மாத்திரை உயிரையே எடுத்துவிடும். ஒரு ஸ்பூன் தயிர் பெரிதாகக் கெடுக்காது, குணப்படுத்தவும் செய்யாது. பட்டினி போட்டால் வயிறு ஓய்வெடுக்கும் என்பது பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதிலும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு அடைத்துப் பெரிய ஆபத்தாகிவிடும்.

உணவுச் சோதனையும் பலிக்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று போக வேண்டும். வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குடல் நாள்பட்டுக் கெட்டால் அது உறிஞ்சப்படாமல் குறையும், குறைந்தால் மற்ற மருந்தும் சரியாக வேலை செய்யாது. வாரம் ஒரு ஊசியாக ஆறு வாரம் போடுவது வழக்கம். பத்து வயதைத் தாண்டிய பூனை நிறையத் தின்றும் இளைத்தால் தைராய்டையும் பார்ப்பார்கள். உங்கள் பூனைக்கு அந்த வயது இல்லை.

பின்வருவதைக் கண்டால் சோதனை, பட்டியல் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே ஓடுங்கள்: தார் மாதிரிக் கறுப்பு மலம், நிற்காத வாந்தி, வெளுத்த ஈறு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் பான்லூகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில்கூடத் தாமதிக்க முடியாது. இன்னொன்று, ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்து எதுவும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள். சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அது அவசரம்.

தனியாரில் பரிசோதனைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னையில் வேப்பேரி, மற்றபடி நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். காலையிலேயே போங்கள், கூட்டம் இருக்கும். நாய்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அதனால் கூடையை ஒரு துண்டால் மூடிக் கொண்டுபோங்கள்.