தோட்ட வேலையில் ஆன்மிகப் பாடம் ஏதாவது கிடைத்ததா? விட்ட பணிக்குத் திரும்பும் மனம் வந்ததா?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் எதையோ வெறுத்துப்போய் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் போலத் தெரிகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

கும்பகோணம் பக்கம் ஒரு சிவன் கோயில் மண்டபத்தில் 14 வருடம் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தேன். காசு வாங்கியதில்லை. கொரோனா முடிந்து கோயில் திறந்தபோது 23 பேர் மூன்று பேராகியிருந்தார்கள். "போங்கடா" என்று நிறுத்திவிட்டேன். பழியெல்லாம் செல்போன் மேலும் டியூஷன் மேலும்.

குருக்கள்தான், "சும்மா இருக்கறதுக்கு நந்தவனத்தையாவது பாருங்கோ சார்" என்றார். நந்தவனம் என்பது பெயருக்குத்தான். நாலு நந்தியாவட்டை, ஒரு பவழமல்லி, மற்றதெல்லாம் கோரை. இரண்டே நாளில் அரிவாளால் அறுத்துத் தள்ளினேன். ஒரு மழை பெய்தது, பத்தாம் நாள் முன்னைவிட அடர்த்தியாக நின்றது. பிராகாரம் கூட்டும் அம்மா சிரித்தார்: "மேலாக்க அறுத்தா முடி வெட்டுன மாதிரிதான் சார். கிழங்கத் தோண்டுங்க."

களைக்கொத்தோடு குந்தினேன். ஒன்றைத் தோண்டினால் வேரில் கோத்த மாதிரி இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. அப்போதுதான் அப்பரின் 'மெய்ம்மையாம் உழவைச் செய்து' பாட்டு ஞாபகம் வந்தது. நான்காம் திருமுறை. பொய்மை களை, பொறுமை நீர் என்று வருடாவருடம் பொருள் சொன்னவன்தான். களை எடுத்து நீர் பாய்ச்சிய பிறகு 'தம்மையும் நோக்கிக் கண்டு' என்கிறாரே, தன்னையும் பார்த்துக்கொள் என்கிற அந்த இடத்தை எப்போதும் ஓட்டமாகத் தாண்டியிருக்கிறேன். அன்றுதான் என்னைப் பார்த்தேன். ழகரம் வராத ஒரு பையனை எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. அவன் தம்பியும் வரவில்லை. இது பிள்ளைகள் கைக்குச் செல்போன் வருவதற்கு முந்தைய கதை.

பண்டிதர்கள் உரை தப்பு என்று வர வேண்டாம். உரை எழுதவில்லை, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மண்ணைக் கிளறினால் கடவுள் வருவாரா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எனக்கு வரவில்லை. ஆனால் அப்பர் களை செதுக்கும் உழவாரத்தைச் சும்மா அழகுக்குத் தோளில் வைத்திருக்கவில்லை என்பது மட்டும் முதுகுவலியோடு புரிந்தது.

   

வகுப்பு மறுபடி நடக்கிறது, நந்தவனத்திலேயே. முதலில் பூப்பறிப்பு, பிறகு ஒரே ஒரு பாட்டு. ஏழு பேர் வருகிறார்கள். ழகரம் வராதவர்கள் இரண்டு பேர், அது பாட்டுக்கு வரட்டும். போன வாரம் ஒரு கூடை கோரைக்கிழங்கு எடுத்தோம். நாட்டு மருந்துக் கடையில் வாங்குவார்களா என்று ஒரு பொடியன் கேட்டிருக்கிறான். விசாரிக்க வேண்டும்.